கிளீனர் இல்லாத வண்டி

பொன்னேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம், எட்டாம் வகுப்புப் பெண்களைப் பூண்டி ஏரிக்கு அழைத்துப் போகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஏரி கட்டிப் பத்து வருஷம்கூட ஆகாத காலம். அவ்வளவு தண்ணீரையும் மதகுகளையும் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் வயசுக்கு வரப்போகிற பெண்ணை அத்தனை தூரம் அனுப்ப எந்த அப்பாவுக்கும் மனசில்லை. வீடு வீடாகப் போய், என் பொறுப்பு, என் பொறுப்பு என்று சொல்லியே இருபத்திரண்டு பேரைச் சேர்த்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த வார்த்தையைத் தாராளமாகச் செலவழித்திருக்கிறேன்.

வண்டி ஓர் அரிசி மில்காரருடைய வேன். கல்யாணம், கோயில் என்று டிரைவரோடு வாடகைக்கு விடுவார். இரண்டு பக்கமும் நீளப் பலகை, மழைக்கு இறக்கிவிட ரெட்டுத் துணி, முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு ஸீட்டு. பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: டிரைவரைத் தவிர வேறு ஆம்பிளை வண்டியில் இருக்கக் கூடாது.

அன்று காலை வண்டி வந்தபோது முன் ஸீட்டில் கிளீனர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது ஆள். இறங்குங்கள் என்றேன். டிரைவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். துவைத்து மடித்த காக்கிச் சட்டை, மரியாதையான மனிதர். "அவன் இருந்தா தோதா இருக்கும் டீச்சர்" என்றார். பெண் பிள்ளைகள் போகிற வண்டியில் கிளீனர் எதற்கு, டயர் பஞ்சரானால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சட்டம் பேசினேன். அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். கிளீனர் இறங்கி, வண்டி தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்தேன்.

கூட வந்த தையல் டீச்சர் பிள்ளைகளோடு பின்னால் ஏறிக்கொண்டதால் முன் ஸீட்டு எனக்கு வந்தது. ரயில்வே கேட்டைத் தாண்டி, தச்சூர் கூட்டுரோட்டில் மெட்ராஸ் ரோட்டைப் பிடித்தோம். பின்னால் பாட்டு. டிரைவர் என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். "அங்க இன்னாது டீச்சர், மாட்டு வண்டியா, லாரியா?" மாட்டு வண்டி என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அது பாலம் தானே?" ஆமாம் என்றேன். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார் போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சல். மெதுவாகத்தான் ஓட்டினார். அதுவும் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பெரியபாளையம் தாண்டி ஒரு திருப்பத்தில், புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்துகொண்டிருந்தாள். வண்டி அவளைப் பார்த்து நேராகப் போனது. ஒதுங்குவார், ஒதுங்குவார் என்று பார்த்தேன். அவர் ஒதுங்கவில்லை. நான் கத்தின பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடித்தார். கட்டிலிருந்த புல் என் முழங்கையில் உரசிக்கொண்டு போனது.

"ஆளா அது?" என்றார் டிரைவர். "பொதருன்னு நெனச்சேன்."

அதுவரைக்கும் அவர் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. மாட்டு வண்டி, பாலம். இந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை. பின்னால் இருபத்திரண்டு பேர் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து பூண்டி போகிற வரைக்கும் ரோட்டில் இருப்பதையெல்லாம் அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தேன். உள்ளங்கை வேர்த்துக் கதவின் கைப்பிடி வழுக்கியது.

பூண்டியில் பிள்ளைகள் மதகைப் பார்க்க ஓடிவிட்டார்கள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று அவரை நேராகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"கண்ணுல பூ உழுந்துக்குது டீச்சர். கிட்டத்துல நல்லா தெரியும், தூரம்தான் பொகையா கீது. மெட்ராசு ஆஸ்பத்திரில ஆபரேஷன்னு சொல்றாங்க. போய்ப் படுத்துக்கினா இந்த வேலைய யாரு எனக்கு வெச்சிருப்பா? நானும் அவனும் சேந்துதான் ரெண்டு வருஷமா ஓட்டறோம். அவன் சொல்லுவான், நான் ஓட்டுவேன். நீங்கதான் அவன எறக்கி உட்டுட்டீங்க."

கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. என்ன செய்ய முடியும்? பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய், அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் போய், வேறு ரயில் மாறிப் பொன்னேரி வருவதற்குள் ஊரே தீப்பந்தத்தோடு கிளம்பிவிடும். ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் அப்பாக்கள் காத்திருப்பார்கள். என் வேலையோ அப்போது தற்காலிகம். இப்படிப்பட்ட வண்டியைப் பேசினவள் நான்தான் என்று தெரிந்தால் என்னாகும் என்ற பயமும் எனக்கு இருந்தது. பிள்ளைகளைப் பற்றிய பயம் எவ்வளவு, என்னைப் பற்றிய பயம் எவ்வளவு என்று அன்றைக்கு நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் அதே வண்டியில் ஏற்றினேன். தலையை எண்ணினேன். தண்ணீர் கூஜாவை என் காலடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன்.

"சொல்லிக்கினே வாங்க டீச்சர்" என்றார் அவர்.

சொல்லிக்கொண்டே வந்தேன். சைக்கிள், இடது பக்கம். எருமை, நாலு, நடு ரோட்டில். பள்ளம். எதிரே லாரி, ஒதுங்குங்கள். வாய் ஓயாமல் மூன்று மணி நேரம். ஒவ்வொரு புளியமரமும் எங்களை நோக்கித்தான் வருவதுபோல் இருந்தது. கண் சிமிட்டவே பயம். நான் டிரைவரோடு வழிநெடுக ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததாகத் தையல் டீச்சர் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பொன்னேரிக்குள் நுழையப்போகிறோம், இனிமேல் பயமில்லை என்று மூச்சு விட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். குனிந்து கூஜாவை எடுத்து, திரும்பி அவள் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான் நேரம். மறுபடி முன்னால் பார்த்தபோது ரயில்வே கேட்டின் சிவப்புத் தகடு முகத்துக்கு நேரே நின்றது.

"கேட்டு!"

பிரேக்கை மிதித்தார். வண்டி கோணிக்கொண்டு இழுத்து, கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கேட்காரன் திட்டிக்கொண்டே ஓடிவர, அவன் குரலை மூழ்கடித்துக்கொண்டு ரயில் போனது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் எல்லோரும் சிரித்துக் கைதட்டி, இன்னொரு தரம் அப்படி நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். எனக்குப் பற்கள் கிட்டித்துக்கொண்டன. டிரைவர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். பெரிய டீச்சருக்குப் பரம திருப்தி. அடுத்த சனிக்கிழமை ஆறாம் வகுப்பையும் அனுப்பலாம், அதே வண்டி, அதே டிரைவர், நீங்கள் செய்ததுபோலவே கிளீனர் வேண்டாம் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் மணியடித்ததும் பெரிய டீச்சரிடம் போய், டிரைவருக்குக் கண் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"கேட்டுக்கிட்ட வண்டி நின்னப்பதான்" என்றேன்.

அந்தப் பொய்யை யோசித்துச் சொல்லவில்லை. தயாராக இருந்ததுபோல் தானாக வந்தது. கண் தெரியாததை எல்லோரிடமும் மறைத்து ஏமாற்றினவர் என்ற பழியோடு டிரைவரை மில்காரர் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து டிரைவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மதிய இடைவேளை. வாசலுக்குள் வந்து நின்று, கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு தாழ்வாரப் பக்கம் பார்த்தார். நான் அங்கேதான் தூணுக்கு முன்னால் நின்றிருந்தேன், இருபதடி தூரம்கூட இருக்காது. பூண்டியிலேயே எனக்குத் தெரியும் என்று பெரிய டீச்சரிடம் சொல்ல வந்திருக்கிறாரா, என்னிடம் ஏதாவது கேட்க வந்திருக்கிறாரா, தெரியவில்லை. அவர் நேராக என்னைப் பார்த்தார். "டீச்சர் கீறாங்களா?" என்று கேட்டார்.

அவருக்கு என் குரல் நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அவர் திரும்பிப் போய்விட்டார்.