மாலை வகுப்புக்கு வந்த செல்லத்தாய் அக்கா

செட்டியார்பட்டியிலிருந்து, என்னோடு மாலை வகுப்பில் படித்த குருசாமி போன் செய்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "ஏலே, செல்லத்தாயக்கா போயிட்டாவ. நெஞ்சு வலியாம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிருச்சு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ போவியா? அவிய வீட்டுக்காரரு இருப்பாரே" என்று கேட்டான். இத்தனை வருடங்கள் கழித்தும் குருசாமிக்கு அப்படிக் கேட்கத் தோன்றியது.

எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜபாளையம் பாலிடெக்னிக்கின் மாலை வகுப்பில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். வகுப்பில் ஒரே பெண் அவர்தான். பகலில் ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. வீட்டில் சின்னப் பெண் குழந்தை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நானும் அதே ஊர் என்பதால் வகுப்பு முடிந்து ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அவரை நான் அக்கா என்றும், என்னை அவர் தம்பி என்றும் அழைத்தோம்.

எங்களில் பாதிப்பேர் மில் தொழிலாளிகள். அக்கா வகுப்புக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். மில் முதலாளிதான் ஃபீஸ் கட்டி அனுப்பியிருக்கிறார், சங்கத்தில் யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுப்போக வந்திருக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அது அவர் காதுக்கும் எட்டியது. ஒருநாள் கணக்கு வகுப்பு முடிந்ததும் எழுந்து நின்று, "வேவு பார்க்க வந்தவ இந்த இண்டெக்ரேஷன வச்சுக்கிட்டு ஏன்யா அழுவுதேன்?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் அவர் பக்கத்துப் பெஞ்சு கடைசி வரை காலியாகவே கிடந்தது.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தது. அக்காவின் கணவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தார். தினமும் டீக்கடை ஓரத்தில் நின்று, பஸ்ஸிலிருந்து யாருக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். ஒருநாள் என்னை நிறுத்தி, "அக்கான்னு கூப்பிட்டா எல்லாம் சரியாயிருமாக்கும்?" என்று கேட்டார். அப்போது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. அக்கா முன்னால் நடந்துபோனார்.

அதன்பின் ஒரு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. திரும்ப வந்தபோது கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசிரியரிடம் நேராகச் சென்று, "சார், இன்னிக்கு மட்டும் இவிய இங்க உக்காரட்டும். இங்க என்ன நடக்குன்னு கண்ணால பார்த்துட்டாவன்னா நிம்மதி" என்றார். ஆசிரியர் தயங்கினார், பிறகு ஒரு ஸ்டூலை எடுத்துப் போடச் சொன்னார். அன்று லேபில் பெரிய மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் இணைப்புக் கொடுக்க வேண்டும். வேறு யாருக்கும் பிடிபடாததால் அக்காவே ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தார். நாங்கள் சுற்றி நின்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மோட்டார் ஓடியது. கணவர் ஸ்டூலை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்கா சொன்னார்: "அம்புட்டு ஆம்பிளைங்க நடுவுல நிக்கியே, கூசலையான்னு கேக்காவ. நேத்து வரைக்கும் உங்க ஒருத்தர் மேலதான் சந்தேகம். இப்ப வகுப்பு மொத்தத்து மேலயும்."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"மோட்டார் ஓடுதா இல்லையான்னு காட்டிரலாம் தம்பி. நான் எப்படிப்பட்டவன்னு எந்தச் சுவிட்சப் போட்டுக் காட்ட? இனிமே யாருக்கும் எதையும் காட்டப்போறதில்ல. படிக்கப்போறேன். அம்புட்டுத்தான்." பிறகு, "நாளையிலருந்து நீங்க முன்னால போற பஸ்ல போயிருங்க. உங்கள நம்பாம இல்ல. ஊரத்தான் நம்பல" என்றார். படிப்பு முடியும் வரை நாங்கள் சேர்ந்து பயணம் செய்யவில்லை.

டிப்ளமோ வாங்கியதும் மில்லில் அவரை எலெக்ட்ரிகல் மெயிண்டெனன்ஸுக்கு மாற்றினார்கள். குருசாமியும் அங்கேதான் இருந்தான். அவன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். ஒரு பேனலில் கை வைக்க வேண்டியிருந்தபோது, "மெயின் ஆஃப் பண்ணியாச்சுக்கா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்திருக்கிறது. அக்கா டெஸ்டரை வைத்தார். அதன் விளக்கு எரிந்தது; கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பிப் பார்த்தார். நின்ற முகங்களில் ஒன்றும் அசையவில்லை. மறதியா, வேண்டுமென்றே சொன்னதா, கடைசி வரை தெரியவில்லை. புகார் கொடுக்கலாம் என்று குருசாமி சொன்னதற்கு, "யாருன்னு தெரிஞ்சு என்ன செய்ய? நாளைக்கும் இவியகூடத்தான வேல பார்க்கணும்" என்றாராம். அன்றிலிருந்து ஃபியூஸைத் தன் கையாலேயே பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குவாராம். அப்படியே வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றார்.

நான் துக்க வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் தளர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"அந்த பஸ்ல வந்தவருதான நீங்க?"

"ஆமாங்க."

"இத்தனை வருசத்துல ஒருநாளும் அவ உங்க பேச்சை எடுத்ததில்ல. ஏன் எடுக்கல?"

பேசியிருந்தாலும் குற்றம், பேசாததும் குற்றம். அந்த மனிதரோடு அக்கா எப்படித்தான் வாழ்ந்து முடித்தாரோ. "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அவர் கண்கள் என் முகத்தைவிட்டு அகலவில்லை.

தெருமுனை வரை அவர்களுடைய மகள் கூட வந்தாள். இப்போது அவளுக்கே கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அப்பா பேசுனத மனசுல வச்சுக்காதீங்க மாமா. அம்மா எங்கிட்ட மட்டும் சொல்லுவாவ, பாலிடெக்னிக் போன வருசங்கதான் எனக்கு நல்ல வருசம்னு" என்றாள்.

அந்த வருடங்களையா? நான் நம்பவில்லை. பஸ் ஏறிய பிறகுதான், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று லேபில் மோட்டார் முழு வேகம் எடுத்தபோது அக்கா சிரித்தார். ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை, நாங்கள் சுற்றி நிற்பதை, எல்லாவற்றையும் மறந்த சிரிப்பு. கணவர் எழுந்து போனது அதைப் பார்த்த பிறகுதான். எந்த ஆணும் தேவைப்படாத அந்த மகிழ்ச்சியைத்தான் அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் சந்தேகப்பட்டாரோ என்னவோ. அவை நல்ல வருடங்கள்தான் என்று நம்ப எனக்கு அந்தச் சிரிப்பு போதும்.