சாமி வெளியே போன நேரத்து ஒளிபரப்பு

உலு திராம் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் செல்லப்பனுக்கு, முருகன் கோயில் விழாவைக் கைப்பேசியில் நேரடியாகக் காட்டுவதுதான் சேவை. வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கும்பிடட்டும் என்று பல வருடங்களாகச் செய்து வந்தார். போன பங்குனி உத்திரத்தில் ஒரு பக்தர் கன்னத்தில் வேல் ஏறிய கணமே, அந்தப் பெரிய வீடியோ கம்பெனி ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. உடம்பைக் காயப்படுத்தும் காட்சியாம். சேனலையே எடுத்துவிட்டார்கள். முறையிட்டால் மனிதர் யாரும் பேசவில்லை. இயந்திரம்தான் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி அனுப்பியது.

இந்த வருடம் அப்படி நடக்கக் கூடாது. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து தூரத்து ஊரான சிகாமட்டில் கிடக்கும் அக்கா வெள்ளையம்மாவுக்காக, அவள் மகன் செல்வா அலகுக் காவடி எடுக்கிறான்.

"வேல் ஏறுற நேரத்துல நானும் சேந்து கும்பிடணும்டா தம்பி. அது போதும்" என்றிருந்தாள் அக்கா.

ஸ்கூடாயில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹேமநாதன்தான் வழி சொன்னார்.

"கம்பெனியே வேணாம்ணே. கோயில்லயே நம்ம சொந்தக் கம்ப்யூட்டர் பொட்டி ஒண்ணு வச்சுக்கலாம். வீடியோ அதுலேருந்து போகும். ஊரூருக்கு ஆளுங்க இப்படி வச்சிருக்காங்க லா. எவனும் அழிக்க முடியாது."

சின்னப் பெட்டிதான். கோயில் ஆபீஸ் அறையில் வைத்தார்கள். சோதனைக்கு மாலைப் பூஜையைக் காட்டியபோது, திருநீறு பூசியதுகூடத் தெரிந்ததாக அக்கா பூரித்துப் போனாள்.

விழாவன்று ஆற்றங்கரையில் உருமி முழங்கியது. செல்வா கண்ணாலேயே மாமனைக் கேட்டான். 'அம்மா பார்க்கிறாள்' என்று செல்லப்பன் தலையை ஆட்டினார். அப்போது திரையில் அக்காவின் அழைப்பு வந்தது. எடுத்தால் ஒளிபரப்பு நின்றுவிடும். துண்டித்தார். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தார். "வேல்! வேல்!" என்ற கூவலுக்கு நடுவே வேல் ஏறியது. செல்லப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கரையேறியதும் அவரே அழைத்தார்.

"பாத்தியாக்கா?"

"என்னத்தடா பாத்தேன்? வெறும் வட்டம்தான் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்கு! சொல்லலாம்னு கூப்பிட்டா கட் பண்ணுற! ஏறிருச்சா?"

"ஏறிருச்சுக்கா."



கோயிலுக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது. பண்டாரம் அய்யாவு சாவிக்கொத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

"மெயின் சுவிட்ச அடைச்சிட்டேன். சாமியே ஆத்துக்குப் போயிருச்சு, உள்ள யாருக்குய்யா கரண்டு? போன இடியில மைக் செட்டு வெந்தது மறந்துட்டியா?"

அவர் சொல்வதில் தப்பு ஏது? 'முருகா, கம்பெனிக்காரன் கையிலிருந்து பிடுங்கி, ஒரே ஒரு சுவிட்சில் கொண்டுபோய் மாட்டிவிட்டேனே' என்று செல்லப்பன் நொந்துகொண்டார்.

"ஒரே பொட்டிய நம்பக் கூடாதுண்ணே. வேற ஊர்லயும் ஒண்ணு இருக்கணும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு காட்டும்" என்றார் கடையில் ஹேமநாதன்.

"அத முந்தியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" யாரையும் கடிந்து பேசி அறியாத செல்லப்பன், கடை வாசலில் நின்று கத்திவிட்டார். பிறகு அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டாவது பெட்டியை வாங்கிப் போனார்.

சிகாமட்டில் அக்கா பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள். கைப்பேசியில் இருந்த பதிவைக் காட்டப் போனவரைக் கையமர்த்தினாள்.

"நடந்து முடிஞ்சத அப்புறம் பாத்துக்கறேன். மொதல்ல இத என் கட்டிலாண்ட வையி. நான் எங்க எந்திரிச்சுப் போகப்போறேன்? எவன் வந்து சுவிட்ச அடைக்கிறான்னு பாக்கறேன்."