அத்தை விட்டுக்கொடுத்த இலை

ஏழு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அத்தையை வேவு பார்ப்பது. அப்பாவின் அக்காவான அவள் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள். இனிப்பைக் கண்டால் விடாதவள். "அத்தைக்குச் சீனி விஷம்ட்டி. வாயில வச்சாங்கன்னா எங்கிட்ட வந்து சொல்லணும்" என்று அம்மா என்னை நியமித்திருந்தாள்.

அன்று சித்தப்பா மகளுக்கு எங்கள் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டார் தச்சநல்லூரிலிருந்து வரத் தாமதமானதால், அத்தையை மட்டும் முன்னதாகச் சாப்பிடச் சொன்னார்கள். அவளும் ஊசியைப் போட்டுக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தாள். சோற்றில் சொதி ஊற்றுவதற்குள் வாசலில் வேன் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் நிற்க, பெண் வீட்டுக்காரி சாப்பிடுவதா? "நீங்க இருங்க மைனி, எனக்குப் பசியே இல்ல" என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, பரிமாறவும் ஆரம்பித்துவிட்டாள். மரியாதைக்கு எங்கள் குடும்பத்தில் என்றைக்கும் குறைவு கிடையாது.

பந்தி பாதியில், அத்தை உள்ளறையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. "ஏட்டி, ஒரு துண்டு அல்வா கொண்டா" என்று குழறினாள். நடிக்கிறாள் என்றே நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

ஏசத்தான் போகிறாள் என்று பின்னாலேயே போனால், அம்மா சீனியைத் தண்ணீரில் கரைத்து, "முழுங்குங்க மைனி" என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "விஷம்னு சொன்னியேம்மா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

நம் உடம்பு சாப்பிட்டால் இன்சுலினைச் சுரக்கும். பட்டினி கிடந்தால் அதைக் குறைத்துக்கொண்டு, ஈரல் சேர்த்துவைத்த சர்க்கரையை எடுத்து இரத்தத்தில் விடும். ஊசியில் போன இன்சுலினுக்கோ, அத்தை இலையை விட்டுக்கொடுத்த விஷயம் தெரியாது. அது பாட்டுக்கு இருந்த சர்க்கரையையும் இரத்தத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டது.

அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், தெளிந்து எழுந்த அத்தை என்னைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்ததுதான். "நீ சொல்லலேன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்ட்டி" என்றாள். மாட்டிவிட ஓடியவளுக்கு எதற்கு முத்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை, அத்தை தனியாக அடுக்களையில் நின்று மிச்ச அல்வாப் பொட்டலத்தைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டேன். என்னைக் கண்டதும் சிரித்தாள். இது விஷமா, மருந்தா? அம்மாவைக் கூப்பிடுவதா, வேண்டாமா? அவளுக்கு வேர்த்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். எனக்குத்தான் வேர்த்திருந்தது.