வரைபடத்தில் யூத ஆலயமான எங்கள் முருகன் கோயில்

1. ஜீப் வந்த காலை

தைப்பூசத்துக்குச் சில நாட்கள் இருக்கையில் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் முருகன் கோயில் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றபின் நான் அந்தக் கோயில் கமிட்டியின் ஆலோசகர். சம்பளம் கிடையாது. என் ஆலோசனையை யாரும் கேட்பதும் கிடையாது. அன்று கேட்டார்கள்.

"சாரே, இவிடெ ஒரு ஸினகோக் உண்டெந்நு மேப்பில் காணிக்குந்நு. ஞங்ஙள்டெ லிஸ்டில் இல்லல்லோ" என்றார் எஸ்.ஐ.

ஸினகோக் என்றால் யூத ஆலயம். அவற்றுக்குப் போலீஸ் பாதுகாப்புப் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத ஒன்று இணைய வரைபடத்தில் முளைத்தால் அவர் வந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். இந்த விவகாரம் முழுவதிலும் முறைப்படி நடந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். உள்ளே கூட்டிப்போய் முருகனைக் காட்டினேன். கும்பிட்டார், விபூதி பூசிக்கொண்டார், "ஸினகோக் அல்ல" என்று எழுதிக்கொண்டு போனார்.

காரணம் எங்கள் கேட். அதன் உச்சியில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு இரும்பு முக்கோணங்கள் உண்டு. முருகனின் அறுகோணச் சக்கரம். அதே வடிவம் யூதர்களுக்கும் உரியது. பக்கத்திலுள்ள பழைய யூதத் தெருவைத் தேடி வழி தவறி வந்த யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்து, யூத ஆலயம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்.

2. கமிட்டி

செயலாளர் ராஜன் போர்ட் கொச்சி ஓட்டல் ஒன்றில் சூப்பர்வைசர். விருந்தினர் முகம் சுளிப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுப் பழகியவர். படத்துக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்துக் காட்டினார். 'இது யூதர்களிடமிருந்து பிடுங்கிய கட்டடம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அந்த நட்சத்திரமே யூதர்கள் நம்மிடமிருந்து எடுத்ததுதான்' என்று இன்னொருவர். இருவரும் மட்டாஞ்சேரிக்கு வந்தவர்கள் அல்ல. வராதவர்களுக்குத்தான் எப்போதும் இத்தனை உறுதி இருக்கும்.

"கட்டிங் மெஷின்காரன்கிட்ட சொல்லிட்டேன் சார். பூசத்துக்கு முன்ன அந்த நட்சத்திரத்த எடுத்துட்டு ஒரு வேல் வச்சிருவோம். நமக்கு வம்பு வேண்டாம்."

கோயிலைக் கூட்டிப் பெருக்கும் செல்லத்தாய் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அந்தச் சக்கரத்தைச் செய்தவர் அவள் கணவர் இசக்கி. படகுப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அவர் கையால் செய்ததில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

"வெட்டுறதுன்னா அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டு. சுடுகாட்டுலதான் இருக்காரு. எங்கயும் போக மாட்டாரு."

ராஜன் என்னைப் பார்த்தார். நான் அலுவலகப் பாடத்தைச் சொன்னேன். பதிவேட்டில் ஓட்டு வீடு என்று இருக்கிறது, நேரில் போனால் மாடி வீடு நிற்கிறது. அதற்காக மாடியை இடிக்கச் சொன்ன வருவாய் ஆய்வாளர் எவரும் இல்லை. பதிவேட்டைத்தான் திருத்துவோம்.

"சரி சார். காவடி வர்றதுக்குள்ள உங்க பதிவேட்டத் திருத்துங்க. இல்லேன்னா நான் வெட்டிருவேன்."

3. மகஜர்

பெயர்ப்பலகை, கதவு எண், மூலவர், மயில் எல்லாவற்றையும் படம் எடுத்து வரைபடக் கம்பெனிக்குத் திருத்தம் அனுப்பினேன். அந்தக் கதவு எண்ணைப் போட்டவனே நான்தான். வழிபாட்டிடம் என்று வரிவிலக்குக் குறிப்பு எழுதியதும் நான்தான். 'சரிபார்க்க இயலவில்லை, நன்றி' என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி நன்றி. எங்கள் அலுவலகத்தில் ஒரு மனுவைத் தள்ளினால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே இரண்டும் இல்லை, மரியாதை மட்டும் தாராளமாக இருந்தது.

அப்போதுதான் என் தொழில் எனக்கு நினைவு வந்தது. எல்லைத் தகராறு என்றால் நாங்கள் இடத்துக்கே போய், சம்பந்தமில்லாத ஆட்களைச் சாட்சியாக வைத்து, கண்டதைப் பதியும் மகஜர் எழுதுவோம். சொந்தக்காரன் சொல் சாட்சியாகாது. கோயில் விஷயத்தில் நான் சொந்தக்காரன். சம்பந்தமில்லாதவர்களோ, வரைபடத்தை நம்பித் தினமும் எங்கள் வாசலுக்கே வந்து ஏமாந்துகொண்டிருந்தார்கள், கையில் போனோடு.

மறுநாள் முதல் கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். செல்லத்தாய் சாயாவும் சுண்டலும் கொண்டுவந்தாள்.

"சர்வீஸ்லகூட சார் இவ்வளவு நேரம் சீட்ல இருந்திருக்க மாட்டீங்க" என்றார் ராஜன்.

"அப்ப யாரும் சுண்டல் தரல" என்றேன்.

முதலில் வந்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. கழுத்துச் சங்கிலியில் சின்னதாக அதே நட்சத்திரம். கேட்டையும் மயிலையும் மாறிமாறிப் பார்த்தார். இந்த வடிவம் உங்களுக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேல் நோக்கும் முக்கோணம் சிவம், கீழ் நோக்கும் முக்கோணம் சக்தி, இரண்டும் சேர்ந்த இடம் முருகன், ஆறு மூலைக்குச் சரவணபவ என்ற ஆறெழுத்து என்றேன். உங்களுக்கு என்ன என்று திருப்பிக் கேட்டேன்.

"நாங்கள் யார் என்பதற்கு அடையாளம். இதைப் பயத்தோடு அணிந்தவர்களும் உண்டு, பெருமையோடு அணிந்தவர்களும் உண்டு. நான் பெருமையோடு அணிகிறேன்."

இதைச் செய்தவர் யார் என்றும் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் செல்லத்தாய். "ஒரு மூலை கோணலாப் போச்சு. அதையும் அவங்ககிட்ட சொல்லிருங்க சார்."

சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நின்ற இடத்திலேயே போனை எடுத்துத் திருத்தம் அனுப்பினார். அடுத்தடுத்து வந்தவர்களும் அனுப்பினார்கள், சிலர் சுண்டலை மென்றுகொண்டே. என்ன எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. சாட்சிக்கு வாசகம் சொல்லிக்கொடுத்தால் மகஜர் செல்லாது. கண்டதை எழுதுங்கள் என்றேன். எழுதியபின் உண்மையான யூத ஆலயத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

4. பூசத்துக்கு முந்தின நாள்

கட்டிங் மெஷின்காரர் ஏணியைச் சாய்த்துவிட்டு ஒயரை நீட்டிக்கொண்டிருந்தார். ராஜன் போனைப் பிடித்தபடி வேகமாக வந்தார். திரையில் 'இந்துக் கோயில்' என்று இருந்தது. எந்தச் சாட்சியை அந்த வரைபடம் நம்பியது என்று எனக்குத் தெரியாது. மேலதிகாரிகள் விஷயத்திலும் எனக்கு அது தெரிந்ததில்லை.

"சேட்டா, கட்டிங் வேண்டா" என்றார் ராஜன். சும்மா அனுப்ப மனமில்லாமல், "அந்தக் கோண மூலைய மட்டும் ஒண்ணு நேராக்கித் தா" என்றார்.

"அதத் தொடாதே" என்றாள் செல்லத்தாய். "அது அவரு வச்ச கோணல்."

மறுநாள் காவடிகள் எல்லாம் அதன் கீழேதான் நுழைந்தன.

அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வந்தது இதுதான்: பதிவேடும் இடமும் முரண்பட்டால் இடத்துக்குப் போங்கள். இடத்தின் மேல் கை வைக்காதீர்கள். கணினி வந்தபிறகும் இந்த விதி மாறவில்லை.

இப்போது கோயில் படத்துக்குக் கீழே முதலில் தெரிவது அந்தப் பெண்மணி எழுதிய குறிப்பு: 'முருகனின் நட்சத்திரம். ஒரு மூலை சற்றுக் கோணல். சுண்டல் நன்று.' என் பணிக்காலம் முழுவதும் நான் எழுதிய ஆய்வுக் குறிப்புகளில் ஒன்றுகூட இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் இருந்ததில்லை. ஆனால் அவர் அதை எழுதியது நான் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான்.