பரீட்சை நாளில் வைத்த சந்தனப் பொட்டு

சரவணம்பட்டி தாண்டி இருக்கிற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் ஆயா. கூட்டுவது, துடைப்பது, மணி அடிப்பது, டீ கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மூன்றாவது வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இந்தக் கல்லூரியில் படித்து வாத்தியாரானவர்கள் அத்தனை பேரும் என் மணிச்சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தவர்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இப்போது வருகிற பிள்ளைகள் தமிழ், கணக்கு, சரித்திரம் என்று எந்தப் பாடம் எடுத்தாலும் கம்ப்யூட்டரை வைத்து நடத்தப் பழக வேண்டுமாம். அதற்காக ஓர் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு தொடுதிரை போர்டு மாட்டினார்கள். விரலால் தொட்டால் எழுதும். விலை அதிகம், தூசி படக்கூடாது என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். பார்வையிட யாராவது வந்தால் திறப்பேன். பிள்ளைகள் கேட்டால், "சார்கிட்டக் கேட்டுட்டு வா கண்ணு" என்று அனுப்பிவிடுவேன். கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்கள் குறைவு.

பிள்ளைகள் அந்தத் திரையை ரெக்கார்டு நோட்டில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். போர்டு இங்கே இருக்க, அதை எதற்கு நோட்டில் வரைகிறார்கள்? எனக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் செய்வது, காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கணக்குக்குப் படித்தவர்களில் பெருந்துறைப் பெண் ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரே தடவையில் பாஸாக வேண்டும், தவறினால் மறுபடி அனுப்ப மாட்டோம் என்று மாமனார் வீட்டில் சொல்லியிருந்தார்கள். செய்முறைப் பரீட்சைக்கு மார்க் போட வெளியூரிலிருந்து ஓர் அம்மா வருவார். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து, அவர் முன்னால் பாடம் நடத்த வேண்டும். இந்தப் பெண் தேறிவிட வேண்டுமே என்று எனக்கும் கவலை.

பரீட்சை அன்று காலை போர்டைத் துடைத்தேன். சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். ஆயுத பூஜைக்குப் பஸ்ஸுக்கு வைக்கிறோம், தறிக்கு வைக்கிறோம். பரீட்சை நாளில் போர்டுக்கு வைத்தால் என்ன? எடுப்பாகத் தெரியட்டும் என்று உள்விளிம்பில் தடிமனாகவே வைத்தேன்.

முதலில் தமிழ்ப் பாடம் நடத்தியவள் லேப்டாப்பிலிருந்து படம் மட்டும் ஓட்டினாள். திரையைத் தொடவில்லை. நல்லபடியாக முடிந்தது. அடுத்து நம் பெருந்துறைப் பெண். முக்கோணம் வரைய விரலை வைத்தாள். கோடு அவள் விரலை விட்டுவிட்டு மூலைக்கு ஓடியது. அழித்து மறுபடி வைத்தாள். மறுபடியும் ஓடியது.

"மிஸ், கோடு ஊட்டுக்குப் போகுதுங்க!" என்றது ஒரு வாண்டு. வகுப்பே சிரித்தது. அவள் முகம் வெளுத்துப்போய் நின்றாள். கம்ப்யூட்டர் சார் எழுந்து, "வோல்டேஜ் சரியில்லைங்க மேடம்" என்றார். வந்த அம்மா ஏதோ குறித்துக்கொண்டார்.

பிள்ளைகள் வெளியே போனதும் சார் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் மஞ்சளாக ஒட்டியது.

"ஆருங்க இதுல சந்தனம் வெச்சது?"

"நான்தானுங்க சார்."

"இந்த ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுதுங்க ஆயா. எது மறைச்சாலும் விரல்னு நெனச்சுக்கும்." அவரே துடைத்தார். "வோல்டேஜுன்னே இருக்கட்டும். நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க."

அப்படியானால் அவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து என் சந்தனமும் எழுதிக்கொண்டு இருந்ததா? ஆனால் ஒன்று, என் வேலையில் நடந்த தப்பை நான் இதுவரை கரண்டு மேல் போட்டதில்லை. டீ கொண்டுபோன இடத்தில் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. மதியம் மறுபடி நடத்தச் சொல்லுங்க."

நல்லது செய்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். சேதியைக் கேட்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஏனுங்க ஆயா, எதுக்குங்க சொல்லிப்போட்டீங்க? வோல்டேஜுன்னா பாவம்னு சுமாரா ஒரு மார்க்காவது போட்டிருப்பாங்க, தப்பிச்சிருப்பேன். அந்தப் போர்டுல கோடு போடறதுக்கு மேல எனக்கு என்னுங்க தெரியும்? நோட்டுல வரைஞ்சதுதான். ரூமை எப்பத் தொறந்து உட்டீங்க?"

நான் தப்பு செய்தது சந்தனம் வைத்தபோதா, அதைச் சொன்னபோதா, அதற்கும் முன்னாலா? ஒன்றோடொன்று குழம்பியது. "வா அம்மணி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அறையைத் திறந்து விட்டேன். சாப்பாட்டு வேளை முழுக்க அவள் வரைந்தாள், அழித்தாள். யாரும் வராமல் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். இருவரும் சாப்பிடவில்லை.

மதியம் கோடு அவள் விரலோடு நின்றது. முக்கோணம் வந்தது. ஒரு முனையை இழுத்தாள், மூன்று கோணமும் மாறின. கூட்டினால் அதே நூற்று எண்பது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அடுத்து எதையோ தொட்டாள், எல்லாம் மறைந்து வெள்ளையாகிவிட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். "போச்சு. இப்ப என்ன பண்ணலாம்?"

"வேற மாதிரி ஒண்ணு வரைங்க மிஸ், அதுலயும் அதே வருதான்னு பாக்கலாம்."

வரைந்தாள். வந்தது. வந்த அம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். நல்லதை எழுதினாரா, கெட்டதை எழுதினாரா, அந்த முகத்தில் தெரியவில்லை.

ரிசல்ட் வந்த அன்று போன் செய்தாள். பின்னால் குழந்தை கத்திக்கொண்டு இருந்தது. "பாஸ் ஆயிட்டேனுங்க ஆயா!"

"சந்தோசம் கண்ணு. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா மார்க்கு கூட வந்திருக்குமா, கொறஞ்சிருக்குமா?"

"இன்னுமா அதையே நெனச்சுட்டு இருக்கீங்க? எனக்குத் தெரியலீங்க ஆயா."

எனக்கும் தெரியவில்லை.