மூன்றாவது கேபிள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். நான் மனிதர்களையே லேசில் நம்பாதவள், பேயையா நம்பப்போகிறேன்? ஆனால் போன கார்த்திகையில், குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நடந்தது நானே பார்த்தது.

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்குப் போயிருந்தேன். ஃபேக்டரி கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் மூன்று. மூன்றையும் கோத்து ஒரே பெட்டி போல ஓடவைக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு கேபிள், இரண்டிலிருந்து மூன்றுக்கு ஒன்று, மூன்றிலிருந்து திரும்ப ஒன்றுக்கு ஒன்று. வளையம் முழுசாக இருந்தால், நடுவில் ஒன்று அறுந்தாலும் வேலை நிற்காது. யாரோ பாதியில் விட்டுப்போன வேலை என்று மட்டும் மேனேஜர் சொல்லியிருந்தார்.

கேபிள் வந்த அட்டைப்பெட்டியில் இரண்டுதான் இருந்தது. வாங்கியது மூன்று.

"மூணாவது எங்கே?"

ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் ரொனால்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டுதானுங்க மேடம் இருக்குது."

"இந்த ரூம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டத்தானுங்க."

அப்புறம் என்ன, விற்றுத் தின்றுவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். "சாயங்காலத்துக்குள்ள கேபிள் வரலைன்னா மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன்" என்றேன். சொன்னால் அவருக்கு வேலை போய்விடும். அது தெரிந்தேதான் சொன்னேன். அவர் வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை. மெஷின் எதுவும் ஓடவில்லை. வெளியே மூடுபனி ஏறி, பட்டப்பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. இருந்த இரண்டு கேபிளை மாட்டிக் கரண்ட் கொடுத்தேன். மூன்று ஸ்விட்சும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. வளையம் பாதி என்று லேப்டாப் காட்டியது. சரிதான்.

மணி 3.25.

டக்...

ஸ்விட்சுகளை மாட்டியிருந்த இரும்பு ராக்கின் பின்னால் சத்தம். திரையைப் பார்த்தேன். வளையம் முழுசு.

பயந்துபோய்த் திருடியதைத் திரும்ப மாட்டுகிறாரோ? "ரொனால்ட்?"

அறைக்கு ஒரே கதவு. நான் உட்கார்ந்திருந்ததே அதை மறித்துத்தான்.

செல்போன் வெளிச்சத்தில் பின்னால் பார்த்தேன். மூன்றாவது கேபிள் இருந்தது... ஈரமாக. மண் ஒட்டியிருந்தது.

பிடித்து இழுத்தேன். வரவில்லை.

இன்னும் இழுத்தேன்.

உள்ளேயிருந்து... யாரோ திருப்பி இழுத்தார்கள்.

வெளியே ஓடிவந்தேன். வாசலில் ரொனால்ட் நின்றிருந்தார். கையை நீட்டிக் காட்டினேன். உள்ளங்கையில் செம்மண். எனக்கு முன்னால் அவர் உள்ளே போனார். ராக்கின் பின்னால் இரண்டு கேபிள்தான் இருந்தது. மூன்றாவதற்கான துளைகளில் தூசி அப்படியே படிந்திருந்தது. திரையில் மட்டும் வளையம் முழுசு.

"நிஜத்தைச் சொல்லுங்க. கேபிள் எங்கே?"

"இங்க நடந்ததைச் சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் சொன்னாருங்க. போன வருஷம் இந்த வேலைக்கு வந்தது என்ற கூடப்பொறந்த தம்பி ஆண்ட்ரூதானுங்க. இதே எடத்துல கரண்ட் அடிச்சிருச்சு. கேபிள் கைக்குள்ள இருந்துச்சு. ஆன மட்டும் பார்த்தோம், விரலைப் பிரிக்க முடியலீங்க. மேனேஜருக்கு அது தெரியாதுங்க."

"அப்புறம்?"

"எங்க ஊரு எமரால்டுல, கல்லறைத் தோட்டத்துல... அதோடயே வெச்சுப் பொதைச்சுட்டோமுங்க."

மேனேஜருக்குப் போன் செய்தேன். மூன்று கேபிளும் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.