என் அம்மா, தலைமைக் காவலர் கோகிலவாணி

“உங்கம்மா மறுபடியும் வேலைக்குப் போவாங்களா?” எதிர்வீட்டு ராஜம்மாள் அத்தை கேட்டார். அது அம்மாவுக்கே தெரிந்திருக்காது.

என் அம்மா கோகிலவாணி தலைமைக் காவலர். செய்தித்தாளில் ‘வீரப் பெண் காவலர்’ என்று எழுதினார்கள். எனக்குத் தெரிந்த அம்மா, இட்லி ஊற்றிக்கொண்டே தன் ஷூவுக்குப் பாலிஷ் போடச் சொல்லி என்னிடம் கத்துபவர். காய்ச்சலிலும் விடுப்பு எடுக்காதவர்.

ஆனி மாதத்தில் ஒரு மாலை, புதுச்சத்திரம் அருகே நெடுஞ்சாலையில் அம்மாவும் சிறப்பு உதவி ஆய்வாளர் காளியப்பன் ஐயாவும் வாகனச் சோதனையில் நின்றார்கள். ஒருவர் சாலையில் இறங்கி வண்டியை நிறுத்துவார், மற்றவர் தடுப்பருகே நிற்பார். முறை வைத்து மாறிக்கொள்வார்கள். அப்போது அம்மாவின் முறை.

“டீ ஆறுது, குடிச்சுப்போட்டு வாம்மா” என்று சொல்லிவிட்டு ஐயா இறங்கினார்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு நகைக்கடையில் கொள்ளையடித்துவிட்டு வந்த காரை அவர் நிறுத்தினார். அதிலிருந்தவர்கள் அவரை அரிவாளால் வெட்டினார்கள். அம்மா ஓடிப்போய் ஒருவனின் சட்டையைப் பிடித்தார். இடது கையில் வெட்டு விழுந்தும் விடவில்லை. லாரி ஓட்டுநர்கள் ஓடிவந்து அவனை மடக்கினார்கள். அவனை வைத்துத்தான் மற்றவர்களும் பிடிபட்டார்கள். ஐயா மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகும் அம்மா காக்கிச் சட்டையைத் தொடவில்லை. சுதந்திர தினத்தன்று அம்மாவுக்கும் இறந்துபோன ஐயாவுக்கும் விருது தரப்போவதாகத் தகவல் வந்தது.

“எம் மொறைக்கு அவரு போனாரு. எனக்கெதுக்கு விருது?” என்றார். வேலையை விடப்போவதாகவும் சொன்னார். அதற்கு முன் ஐயாவின் மனைவி பெருமாயியிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

பெருமாயி பெரியம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“பல்லி உழுந்தாக் கட்டல் மேல ஏறி நிக்கிற மனுசன்” என்றார். “அருவா வெச்சிருக்கறவனுக்கு முன்னாடி நின்னிருக்காரு பாரு. உன்ற டீக்காகவா நின்னாரு? அது அவரு வேல, அம்மிணி.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் அழுதுவிட்டார். அம்மாவும் அழுதார்.

பிறகு அம்மா சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தார். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்வதில்லை.

“ஏனம்மிணி, சொல்லாமப் போற?” பெரியம்மாவின் குரல் உயர்ந்தது. “கருமாதி முடிஞ்சு எத்தன நாளாச்சு! இன்னும் இது எழவு ஊடுதானா? இனி இந்தப் பக்கமே வரமாட்டியா?”

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “வாரேனுங்க்கா” என்றார்.

“எப்ப வருவ? அவரு விருத வாங்க நான் மேடையேறோணும். காலு நடுங்கும். நீதான் வந்து கூட்டிட்டுப் போவோணும். காக்கி போட்டுட்டு வா. சேலையக் கட்டிட்டு வந்தீன்னா நான் கெளம்பவே மாட்டேன்.”

“கை இன்னும் முழுசா மடங்கலீங்க்கா.”

“ஏன், இப்பெல்லாம் சல்யூட்ட எடது கைலயா அடிக்கறீங்க?”

அம்மா சிரித்துவிட்டார்.

சுதந்திர தினத்தன்று பெரியம்மாவின் கையைப் பிடித்து மேடையேற்றியது காக்கி அணிந்த அம்மாதான். ஐயாவின் விருதைப் பெரியம்மா வாங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அடுத்த வாரமே அதே நெடுஞ்சாலையில் சோதனைக்கு நின்றார்.

போலீஸ் கைகாட்டினால் எரிச்சலோடு வண்டியை நிறுத்துகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் காளியப்பன் ஐயாவைப் பற்றிச் சொல்லுங்கள். பெயரோடு சொல்லுங்கள்.